எழுத்தறிவுத் தேர்வும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும்

(சித்தூர், திருப்பதி மாவட்டங்களைச் சேர்ந்த மாணவர்களும் கல்வித்துறை அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. 1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதனை அடுத்து நாடெங்கும் மாவட்ட அளவில் இவ்வியக்கம் பரவியபோது, ஆந்திரப் பிரதேசத்தில் அதனைத் தொடக்கத்திலேயே ஏற்று நடத்திய மாவட்டங்களுள் சித்தூரும் ஒன்றாகும். பகலெல்லாம் கடலைக் காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் உழைத்த பெண்கள், மாலையில் அரிக்கேன் விளக்கொளியில் பலகையோடு அமர்ந்த காலம் அது.

அப்பெண்களுக்கு எழுத்தறிவு வந்துவிட்டதென்று யார், எவ்வாறு முடிவு செய்தனர்? இக்கேள்விக்கு இயக்கத்திடம் தெளிவான விடை இருந்தது. மூன்று படிநிலைப் பாடநூல்கள் தரப்பட்டன. ஒவ்வொரு நூலினுள்ளும் மூன்று சோதனைகள் வீதம் ஒன்பது சோதனைகள் அமைந்திருந்தன. நிமிடத்துக்கு 30 சொற்கள் வாய்விட்டுப் படிக்க வேண்டும். 7 சொற்கள் பார்த்தெழுத வேண்டும். சொல்லச் சொல்ல 5 சொற்கள் எழுத வேண்டும். ஒன்று முதல் நூறு வரை எண்களை அறிந்திருக்க வேண்டும். படித்தல், எழுதுதல், கணக்கிடுதல் ஆகிய ஒவ்வொன்றிலும் 50 சதவிகிதமும் மொத்தத்தில் 70 சதவிகிதமும் பெற்றவரே எழுத்தறிவு பெற்றவராகக் கருதப்பட்டார். இவ்வளவுகோலில் குறை காண்போர் உண்டு. சில இடங்களில் அதனைத் தளர்வாகக் கையாண்டதும் உண்டு. எனினும், இன்னது தெரிந்தால் எழுத்தறிவு என்று ஓர் அளவை அரசு வகுத்து, அதனைக் கூலித் தொழிலாளிப் பெண்ணின் முன் வைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பத்தாண்டுகள் பள்ளியில் பயின்று உயர்நிலைக் கல்வியை முடித்துச் செல்லும் மாணவனின் முன் அத்தகைய அளவுகோல் எதுவும் வைக்கப்படுவதில்லை. அவன் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறான். பாடத்துக்கு 35 மதிப்பெண் பெற்றால் தேறுகிறான். அவன் எழுத்தறிவு உடையவன் என்பது அதிலேயே அடக்கம் என்று கருதப்படுகிறது. இக்கருத்து எவ்வளவு தூரம் சரியானது என்பதும், சரியன்று எனில் எழுத்தறிவுக்கென்று கட்டாயத் தேர்வு ஒன்றை வைத்து, அதில் தேறாதவருக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லை என்று விதிக்கலாமா என்பதுமே இன்றைய பேச்சின் பொருள்.

சான்றிதழ் எதை விலைக்கு வாங்குகிறது?

பொருளாதார நோக்கில் பார்த்தால், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அறிவின் அடையாளம் மட்டுமன்று. சந்தையில் விலைபோகும் பண்டமும் ஆகும். கிராம அஞ்சல் ஊழியர் பணிக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரிசையே ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. உள்ளூர் மொழியைப் பள்ளியில் பயின்றிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களின் பெரும்பாலான பிரிவுகளுக்கு இச்சான்றிதழே நுழைவுச் சீட்டு. சத்தியவேடு அருகே 2008-இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ சிட்டி தொழில் வளாகத்துக்கு வேலை தேடி வரும் ஆந்திர, தமிழக இளைஞர்கள் கையில் கொண்டு வருவதும் இதுவே.

கடப்பை, சித்தூர் பகுதிகளிலிருந்து குவைத்துக்கும் பிற வளைகுடா நாடுகளுக்கும் செல்வோரின் நிலை இன்னும் தெளிவான சான்று. 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின் கீழ், குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் அரசு அதிகாரியின் முன் அனுமதி பெற வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. தேறாதவரின் கடவுச்சீட்டு வேறு வகையினதாகிறது. அனுமதி பெறும் முறை தொழிலாளியின் பாதுகாப்புக்கென வகுக்கப்பட்டதே. ஆயினும் நடைமுறையில் அது தரகரின் தயவை நாட வைக்கும் நடையாகவும், கையை விட்டுப் போகும் பணமாகவும் முடிவதுண்டு. ஒரு மதிப்பெண் குறைவு ஒருவரின் கடவுச்சீட்டையே மாற்றிவிடுகிறது என்பது நினைவில் வைக்கத் தக்கது. எழுத்தறிவுத் தேர்வு ஒன்றைக் கூடுதலாகச் சேர்ப்பது பற்றிப் பேசும்போது, எத்தகைய பண்டத்தின் மீது புதிய வரி விதிக்க எண்ணுகிறோம் என்பது தெரிந்திருத்தல் வேண்டும்.

தேர்ச்சி விகிதம் சொல்வதும் சொல்லாததும்

ஆந்திரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 2019-இல் 94.88 சதவிகிதமாக இருந்தது. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனாத் தொற்றின் காரணமாகத் தேர்வு கைவிடப்பட்டு அனைவரும் தேறியதாக அறிவிக்கப்பட்டனர். 2022-இல் தேர்ச்சி 67.26 சதவிகிதமாக வீழ்ந்தது. ஏறத்தாழ 6.15 லட்சம் பேர் தேர்வெழுதி, சுமார் 2 லட்சம் பேர் தவறினர். 2023-இல் 72.26, 2024-இல் 86.69, 2025-இல் 81.14 என்று விகிதம் ஏறி இறங்கியது. இதற்கிடையே தாள்களின் எண்ணிக்கை பதினொன்றிலிருந்து ஏழாகவும், பின்னர் ஆறாகவும் குறைக்கப்பட்டது.

தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பிள்ளைகள் இழந்தது மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் 2023-க்கும் 2024-க்கும் இடைப்பட்ட ஓராண்டில் மாநிலப் பிள்ளைகளின் படிக்கும் திறன் 14 புள்ளிகள் உயர்ந்தது என்று எந்த ஆசிரியரும் சொல்லத் துணியமாட்டார். மாறியவை வினாத்தாளின் அமைப்பு, திருத்தும் முறை, பயிற்சி தந்த விதம் ஆகியன. 2022-இல் தேர்வு தொடங்கிய நாட்களிலேயே சித்தூர் மாவட்டத்தில் வினாத்தாள் செல்பேசி வழியே வெளியாகிக் காவல் துறை வழக்குப் பதிந்ததும் இவ்விடத்தில் நினைவுக்கு வரும். இவ்வளவு அசையும் அளவுகோலைக் கொண்டு எழுத்தறிவை அளக்க இயலாது.

மொழித்தாள் எதைச் சோதிக்கிறது என்பதைச் சற்று உற்று நோக்கினால் காரணம் விளங்கும். செய்யுட்பகுதி, உரைநடை வினாக்கள், கடிதம், கட்டுரை, இலக்கணம் ஆகியவற்றுள் பெரும்பகுதி முன்பே மனப்பாடம் செய்துகொண்டு வந்து எழுதக்கூடியவை. முன் அறியாத பத்தி ஒன்றைப் படித்து விடை எழுதும் பகுதி உண்டு. ஆனால் அதில் ஒன்றும் பெறாமலேயே 35-ஐ எட்ட இயலும். வழிகாட்டி நூல்களின் வாணிபம் இந்தக் கணக்கின் மீதே நிற்கிறது. மாங்கூழ்த் தொழிற்சாலையின் எடைமேடையில் தரப்படும் சீட்டில் உள்ள கழிவு எவ்வளவு, விலை எவ்வளவு என்று படித்துத் தந்தைக்குச் சொல்ல வேண்டியவன், கவிஞரின் பிறந்த ஊரையும் பெற்ற விருதுகளையும் தடையின்றி எழுதிவிட்டுத் தேறிச் செல்வது நடக்கக்கூடியதே.

இது வெறும் ஊகமன்று. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ஆண்டுக் கல்வி நிலை ஆய்வில், ஊரகப் பிள்ளைகள் வீட்டிலேயே ஒருவர் ஒருவராகச் சோதிக்கப்படுகின்றனர். எழுத்து, சொல், எளிய பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையிலான சிறு கதை என்று படிப்படியாகப் படிக்கச் சொல்கின்றனர். எட்டாம் வகுப்பில் பயிலும் பிள்ளைகளுள் அக்கதையைப் படிக்க இயன்றோர் நாடளவில் 2018-இல் சுமார் 73 சதவிகிதம். 2022-இல் சுமார் 70 சதவிகிதம். 14 முதல் 18 வயதுவரை உள்ளோரை நாட்டின் 28 ஊரக மாவட்டங்களில் 2023-இல் ஆய்ந்தபோது, நால்வரில் ஒருவரால் தம் மொழியிலேயே இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்க முடியவில்லை எனத் தெரிய வந்தது. அவர்களுள் பெரும்பாலோர் பள்ளியிலோ கல்லூரியிலோ பெயர் பதிந்தவர்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2011-இல் அன்றைய சித்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 41.7 லட்சம்; எழுத்தறிவு சுமார் 71.5 சதவிகிதம். ஆனால் கணக்கெடுப்பில் எவரையும் படித்துக் காட்டச் சொல்வதில்லை. ஏழு வயதுக்கு மேற்பட்டவர் ஏதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் அறிவாரா என்று கேட்டு, வீட்டார் சொல்லும் விடையே குறிக்கப்படுகிறது. பள்ளிக்குச் சென்ற பிள்ளையை எழுத்தறிவற்றவன் என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள்.

கற்பிக்காததைக் கேட்கலாமா?

ஆகவே தனியே ஓர் எழுத்தறிவுத் தேர்வு வேண்டும் என்போரின் வாதத்துக்கு வலு உண்டு. இவ்வழியில் முன்பே சென்று பார்த்த நாடுகளின் பட்டறிவும் கையில் இருக்கிறது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் இதில் முதன்மையானது. பள்ளி இறுதிப் பட்டயம் பெற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பத் தெரியவில்லை என்ற குறை 1970-களில் அங்கே பெரிதாக எழுந்தது. 1976-இல் சட்டம் இயற்றி, 1977-இல் நடைமுறை எழுத்தறிவுத் தேர்வு ஒன்றை நடத்தினர். 1978-இல் அதில் தேறுவது பட்டயத்துக்குக் கட்டாயமாக்கப்பட்டது. முதல் தேர்வின் முடிவில், கறுப்பின மாணவரின் தோல்வி விகிதம் வெள்ளையின மாணவரினதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. மாணவர்கள் நீதிமன்றம் சென்றனர். டெப்ரா பி. வழக்கு என்று கல்வியுலகில் அறியப்படுவது இதுவே. அப்போது பள்ளி இறுதி வகுப்பில் இருந்த கறுப்பின மாணவர்கள் தொடக்கக் கல்வியை இன ஒதுக்கல் பள்ளிகளில் தொடங்கியவர்கள். அவர்களுக்குத் தாழ்ந்த பள்ளியைக் கொடுத்துவிட்டு, அதன் விளைவுக்கு அவர்களையே தண்டிப்பது முறையன்று என்று 1979-இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், பட்டயத்தை நிறுத்தி வைக்கும் விதியை நான்காண்டுகளுக்குத் தள்ளி வைத்தது. 1981-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. தேர்வில் கேட்கப்படுபவை வகுப்பறையில் உண்மையாகவே கற்பிக்கப்பட்டன என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை அது அரசின் மீது சுமத்தியது. அரசு அதனை மெய்ப்பித்த பின்னரே தேர்வு நடைமுறைக்கு வந்தது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2000-களின் தொடக்கம் முதல் பத்தாம் வகுப்பில் எழுத்தறிவுத் தேர்வு உண்டு. அதில் தேறாதவர், எழுத்தறிவுக்கென அமைந்த முழுப் பாடம் ஒன்றைப் பயின்று முடித்தும் பட்டயம் பெறலாம். வாயில் ஒன்றாயினும் வழி இரண்டு. நியூசிலாந்து 2024 முதல் பள்ளி இறுதித் தகுதிக்கு எழுத்தறிவு, எண்ணறிவுப் பகுதிகளில் தேறுவதைத் தனி நிபந்தனையாக்கியிருக்கிறது. இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2024 நவம்பரில், மாநிலத் தேர்வில் தேறினால்தான் பட்டயம் என்ற விதியை நீக்கிவிட்டனர். ஆக, உலகம் இதில் ஒருமித்த முடிவுக்கு வந்துவிட்டதாகக் கூறுவதற்கில்லை.

புளோரிடா வழக்கின் வினா இந்த மாவட்டங்களுக்கும் பொருந்தும். மலையடிவாரக் குக்கிராமத்தில், ஓராசிரியர் ஐந்து வகுப்புகளையும் ஒரே கூரையின் கீழ் நடத்தும் பள்ளியில் தொடங்கிய பிள்ளையும், திருப்பதி நகரின் கட்டணப் பள்ளியில் தொடங்கிய பிள்ளையும் பத்தாம் வகுப்பின் இறுதியில் ஒரே வாயிலின் முன் நிறுத்தப்படுகின்றனர். முதற்பிள்ளைக்குப் படிக்கக் கற்பித்தது என்று மெய்ப்பிக்கும் சான்று அரசிடம் இருக்கிறதா?

இந்திய ஆணையங்கள் சொன்னவை

இந்நாட்டில் தேர்வுச் சீர்திருத்தம் பேசப்படாத காலமே இல்லை. திருத்தணியில் பிறந்து, திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்ற டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், ஒரே ஒரு சீர்திருத்தத்தைத்தான் பரிந்துரைக்கலாம் என்றால் அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருக்கும் என்ற கருத்தை 1949-இல் வெளியிட்டது. லட்சுமணசாமி முதலியார் ஆணையமும் 1953-இல் இதனை வலியுறுத்தியது. 1964-66 கோத்தாரி ஆணையம் பள்ளி இறுதிச் சான்றிதழ் பற்றித் துணிவான யோசனை ஒன்றை வைத்தது. சான்றிதழில் பாடவாரியாகப் பெற்ற மதிப்பெண்கள் இருக்கட்டும். மொத்தத்தில் தேறினான், தவறினான் என்ற குறிப்பு வேண்டாம் என்பதே அது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த யோசனை ஏட்டளவிலேயே இருக்கிறது. வேலை கொடுப்போருக்கு ஒரு சொல்லில் விடை வேண்டும் என்பதே காரணம் போலும்!

2010 ஏப்ரல் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எவரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. கூடவே தொடர் மதிப்பீடு நடைபெற வேண்டும் என்றும் கூறியது. முதற்பகுதி எளிதாக நிறைவேறியது. இரண்டாம் பகுதி பதிவேடுகளை நிரப்புவதோடு பல இடங்களில் நின்றது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஐந்து, எட்டு ஆகிய வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்தி வைக்கும் உரிமை அரசுகளுக்கு வழங்கப்பட்டது. 2024 டிசம்பரில் மைய அரசு விதிகளை வெளியிட்டது. தவறியவருக்கு இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு உண்டு, எவரையும் பள்ளியிலிருந்து நீக்கலாகாது என்பன அவற்றுள் அடங்கும். தமிழ்நாடு பழைய முறையையே தொடர்வதாக அறிவித்தது. கேரளம் வேறொரு வழியில், எழுத்துத் தேர்வில் பாடந்தோறும் 30 சதவிகிதம் குறைந்தபட்சம் வேண்டும் என்ற விதியை 2024-25-இல் எட்டாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கொரு வகுப்பாக உயர்த்திச் செல்ல முடிவு செய்தது. அறிவிப்பு முன்னதாகச் செய்யப்பட்டது என்பதே அதன் சிறப்பு. எட்டாம் வகுப்பில் இருந்தவருக்கு இரண்டாண்டு அவகாசம் கிடைத்தது.

எந்த மொழியில் எழுத்தறிவு?

எழுத்தறிவுத் தேர்வு என்றவுடன் எழவேண்டிய கேள்வி, எந்த மொழியில் என்பது. இந்த எல்லைப்புற மாவட்டங்களில் இக்கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. 1911-இல் வடார்க்காட்டின் சில தாலுக்காக்களையும் கடப்பையின் சில தாலுக்காக்களையும் இணைத்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கும், சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்கும் சென்றன. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் பலமுறை மாறின. வீடுகளில் பேசும் மொழி மாறவில்லை. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் தமிழும், திருத்தணி, ஓசூர் பகுதிகளில் தெலுங்கும் இன்றும் வீட்டு மொழிகளாக உள்ளன. உருது பேசும் குடும்பங்களும் கணிசமாக உண்டு.

ஆந்திரப் பிரதேசத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தெலுங்கு, ஆங்கிலம் மட்டுமன்றித் தமிழ், கன்னடம், உருது, இந்தி, ஒரியா வழியாகவும் எழுதலாம். அத்துடன் இரண்டாம் மொழியான இந்தியில் தேறுவதற்கு 20 மதிப்பெண் போதும். பிற பாடங்களுக்கு 35 தேவை. வீட்டில் ஒலிக்காத மொழிக்கு ஒரே அளவுகோல் பொருந்தாது என்பதைத் தேர்வுத்துறை தன் விதியிலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எல்லையின் மறுபுறம் நிகழ்ந்தது பாடமாகக் கொள்ளத் தக்கது. தமிழ்நாடு 2006-இல் தமிழ் கற்றல் சட்டத்தை இயற்றி, முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுதோறும் ஒரு வகுப்பாக உயர்த்தியது. 2015-16-இல் அது பத்தாம் வகுப்பை எட்டியபோது, தெலுங்கு, கன்னடம், உருது வழியில் பயின்ற பிள்ளைகள் தமிழ்த் தாள் எழுத வேண்டியவராயினர். பத்தாண்டுகள் படிப்படியாக அமைந்த சட்டம் அது; திடீரெனப் பாய்ந்ததன்று. ஆயினும் சிறுபான்மைமொழிப் பள்ளிகள் பலவற்றில் தமிழாசிரியர் உரிய காலத்தில் நியமிக்கப்படவில்லை என்ற முறையீடு நீதிமன்றம் சென்றது. விலக்குகள் ஆண்டுக்காண்டு நீண்டன. 2023-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று ஓராண்டு விலக்கு பெறப்பட்டது. மாநில மொழியைப் பிள்ளைகள் கற்க வேண்டும் என்ற நோக்கில் குறை சொல்ல இடமில்லை. ஆணை சென்ற இடமெல்லாம் ஆசிரியர் சென்றாரா என்பதே அங்கும் வினாவாயிற்று.

நகரியில் தமிழ் வழியில் பயிலும் மாணவி தமிழில் நன்கு படிப்பவள் எனின், அவள் எழுத்தறிவு உடையவளே. கணக்கெடுப்பின் இலக்கணமும் ஏதேனும் ஒரு மொழி என்றே சொல்கிறது. எழுத்தறிவுச் சோதனை வீட்டு மொழியிலோ பயிற்று மொழியிலோ அமைய வேண்டும். மாநில மொழித் தேர்ச்சி வேறு, எழுத்தறிவு வேறு. ஒன்றன் பெயரால் மற்றதைத் திணித்தால் இரண்டும் கெடும். ஆங்கில வழிக்குப் பெருமளவில் மாறிவிட்ட பள்ளிகளில் இக்குழப்பம் இன்னும் கூடுதல். ஆங்கிலப் பாடநூலைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை, எந்த மொழியிலும் சரளமாகப் படிக்க இயலாத நிலையில் நிற்பதை மொழியாசிரியர்கள் அறிவர்.

மதனப்பள்ளி அருகே ஓர் ஏணி

இந்த மாவட்டத்தின் மண்ணிலேயே வேறு வகைச் சோதனை ஒன்று உருவாயிற்று. பழைய சித்தூர் மாவட்டத்தில் மதனப்பள்ளியை அடுத்த ரிஷி வேலியில், 1980-களில் சுற்றுப்புறக் கிராமங்களுக்கென ஓராசிரியர் சிறு பள்ளிகள் தொடங்கப்பட்டன. பத்மநாபராவ், ரமா இணையர் அவற்றுக்கென வகுத்த முறையில் பாடநூலுக்குப் பதில் அட்டைகள் இருந்தன. அட்டைகள் யாவும் ஓர் ஏணியின் படிகளாக வரிசைப்படுத்தப்பட்டன. ஒவ்வொரு மைல்கல்லிலும் அறிமுக அட்டை, பயிற்சி அட்டை, பின்னர் மதிப்பீட்டு அட்டை. மதிப்பீட்டில் தடுமாறிய பிள்ளைக்குக் குறைதீர் அட்டை. தடுமாறாத பிள்ளைக்கு வளம் சேர்க்கும் அட்டை. விடுமுறைக்குப் பின், அறுவடைக்குப் பின், காய்ச்சலுக்குப் பின் திரும்பி வரும் பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடரலாம்.

ஆழ்ந்து பார்த்தால், இது மிகக் கண்டிப்பான தேர்வு முறை. ஒரு படி தேறாமல் அடுத்த படி இல்லை. பொதுத்தேர்வு அவ்வளவு கண்டிப்புடையதன்று; அது 65 சதவிகித அறியாமையை மன்னித்துவிடுகிறது. வேறுபாடு தோல்வியின் விலையில் இருக்கிறது. ஏணியில் தடுமாறினால் இழப்பு இரண்டு நாள். பொதுத்தேர்வில் தடுமாறினால் இழப்பு ஓராண்டு. பெண்பிள்ளையாயின் பல வேளைகளில் படிப்பே நின்று திருமணம் முடிகிறது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இம்முறை புதிதன்று. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, 2007-08-இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவிய செயல்வழிக் கற்றல், ரிஷி வேலியைப் பார்த்து வந்தவர்கள் கொணர்ந்ததே. பெரிதாகப் பரவியபோது அது மெலிந்தது என்பாரும் உண்டு. அட்டைகள் பழுதடைந்தபின் புதியன வராத பள்ளிகளும், பதிவேட்டில் பிள்ளையை ஏற்றிவிட்டு ஏணியில் ஏற்றாத வகுப்புகளும் இருந்தன. சிறு பள்ளிகளில் ஆசிரியரின் அன்பால் நடந்ததை ஆணையால் நடத்துவது எளிதன்று. 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டமும், 2021 ஜூலையில் மைய அரசு தொடங்கிய நிபுண் பாரத் இயக்கமும் மூன்றாம் வகுப்புக்குள் படிக்கக் கற்பித்துவிடுவதையே இலக்காகக் கொண்டவை. இவை இளம்பிள்ளைகளுக்கானவை. இன்று ஒன்பதாம் வகுப்பில் அமர்ந்திருப்பவன் இவற்றுள் எதிலும் சேராதவன்.

ஒன்பதாம் வகுப்பில் பத்து நிமிடம்

பள்ளி இறுதிச் சான்றிதழுக்கு எழுத்தறிவுத் தேர்வை வாயிற்கதவாக்குவது, இன்றைய நிலையில், சரியான முடிவாகத் தோன்றவில்லை. பத்தாம் வகுப்பின் இறுதியில் ஒருவனுக்குப் படிக்கத் தெரியவில்லை என்று கண்டறிவதால் அவனுக்குப் பயன் இல்லை. அவனுக்கே அது தெரியும். அப்போது எஞ்சுவது தண்டனை ஒன்றே. ஆனால் சோதனையே வேண்டாம் என்பதும் ஏற்கத் தக்கதன்று. 1990-களில் கூலிப் பெண்ணிடம் படித்துக் காட்டச் சொன்ன அரசு, தன் பள்ளியில் எட்டாண்டு பயின்றவனிடம் அதைக் கேட்கக் கூசுவானேன்?

ஒன்பதாம் வகுப்பின் முதல் மாதத்தில், ஒவ்வொரு மாணவனையும் தனித்தனியே பத்து நிமிடம் படிக்கச் சொல்லிக் கேட்பது இயலக்கூடிய செயல். ஒரு மின்கட்டண ரசீது, ஒரு மருந்துச் சீட்டு, நாளிதழ்ச் செய்தி ஒன்று, வங்கியில் பணம் எடுக்கும் படிவம் ஒன்று ஆகியவை போதும். இவற்றுக்கு வழிகாட்டி நூல் எழுத இயலாது. எழுதினாலும் அதைப் படிப்பவன் படிக்கக் கற்றவனாகிவிடுவான். செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆறு லட்சம் மாணவர்க்குத் தலைக்குப் பத்து நிமிடம் என்றால் மொத்தம் ஒரு லட்சம் மணி நேரம். இருபதாயிரம் ஆசிரியர்கள் ஈடுபட்டால் ஒருவருக்கு ஐந்து மணி நேரம். வினாத்தாள் அச்சிடுவதும், கட்டுக்கட்டாகக் கொண்டு செல்வதும், பறக்கும் படை அமைப்பதும் இல்லை.

இதன் முடிவு யாருக்குச் செல்ல வேண்டும் என்பதில்தான் கருத்து வேறுபாடு எழும். மாணவனின் சான்றிதழில் அது ஏறக்கூடாது. தலைமையாசிரியருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் செல்ல வேண்டும். படிக்க இயலாதோர் இத்தனை பேர் என்ற எண், கூடுதல் ஆசிரியர் கேட்பதற்கு உரிமைப் பத்திரமாக அமைய வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. எண் கூடினால் விளக்கம் கேட்கும் கடிதம் வரும் என்று தலைமையாசிரியர் அஞ்சினால், அடுத்த ஆண்டே எண் குறைந்துவிடும். பிள்ளைகள் படிக்கத் தொடங்கியதால் அன்று. 1990-களின் எழுத்தறிவு இயக்கத்திலும் இலக்கை எட்டும் அவசரத்தில் இத்தகைய கணக்குகள் எழுதப்பட்டதை மூத்த அலுவலர்கள் அறிவர். குறையைச் சொன்ன பள்ளிக்கு உதவி முதலில் சென்று சேர்ந்தால் மட்டுமே உண்மை எண் கிடைக்கும்.

அண்டை மாவட்டமான நெல்லூரில், அதே எழுத்தறிவு வகுப்புகளில் படிக்கக் கற்ற தூபகுண்டாப் பெண்கள், பாடநூலில் தம் துயரத்தையே கண்டு சாராயக் கடையை மூட வைத்தனர். அது மாநிலம் எங்கும் பரவி, 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரப் பிரதேசத்தில் சாராயத் தடை வந்தது. அவ்வகுப்புகளில் பயின்றோர் கையில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை.

ஒன்பதாம் வகுப்பின் கால அட்டவணையில், படிக்கத் தடுமாறும் மாணவர்க்கென வாரத்துக்கு நான்கு பாடவேளைகள் ஒதுக்க வேண்டுமாயின், அவை வேறொரு பாடத்திலிருந்தே எடுக்கப்பட வேண்டும். எந்தப் பாடத்திலிருந்து என்பதைக் கணித ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் எளிதில் ஒப்ப மாட்டார்கள். அவர்களது தேர்ச்சி விகிதமும் கேட்கப்படுகிறதல்லவா? அதனால் இந்த நேரத்தை ஒதுக்கும் ஆணை மாநிலத் தலைமையிடத்திலிருந்து, பள்ளி ஆண்டு தொடங்குமுன், ஜூன் மாதத்துக்குள் வந்து சேர வேண்டும். ஆகஸ்டில் வரும் ஆணை அரைப்பருவத் தேர்வுப் பயிற்சியோடு மோதி, கோப்பிலேயே தங்கிவிடும்.